அந்தப் பக்கம்தான் நல்ல பக்கம்

உண்மைக் கதை ஒன்று சொல்லப் போகிறேன். சத்தியமாக உண்மை. என் கையால் நான் கட்டிய சுவர், என் கண்ணால் நான் பார்த்த கூத்து. ஒரு சொல் கூட்டமாட்டேன், ஒரு சொல் குறைக்கமாட்டேன் என்று ஆரம்பித்தேனோ இல்லையோ, மணல் குவியலில் என் பக்கத்தில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்த பெயின்டர் இருமினார். ஒயரிங் வேலை பார்க்கிற தம்பி சிரித்தே விட்டான். அந்த வீட்டில் இவர்கள் இரண்டு பேரும் என்னோடு வேலை பார்த்தவர்கள். சாட்சிகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் சத்தியம் பண்ண முடியும்?

சரி, ஒப்புக்கொள்கிறேன். சுவர் நிஜம். பூச்சு மட்டும் கொஞ்சம் கனமாகப் பூசுவேன். நான் கொத்தனார். பூசாமல் விட்டால் எனக்குத் தூக்கம் வராது.

மனிதர்களில் ஒரு ரகம் உண்டு. நான் அவர்களுக்கு 'அந்தப் பக்கத்து ஆள்' என்று பெயர் வைத்திருக்கிறேன். நீங்கள் கட்டாயம் பார்த்திருப்பீர்கள். பஸ்ஸில் அடித்துப்பிடித்து ஏறி, கைக்குட்டை போட்டு, ஜன்னலோரம் இடம் பிடித்து, உட்கார்ந்த மறு நிமிஷமே எதிர்ப்பக்க ஜன்னலில் என்ன தெரிகிறது என்று கழுத்தைத் திருப்புவார். இறங்கும்வரை அந்தக் கழுத்து திரும்பாது. ஓட்டலில் தான் கேட்டதே தட்டில் வந்த பிறகு, பக்கத்து மேஜைத் தட்டைப் பார்த்துக்கொண்டே சாப்பிடுவார், அதனால் தன் தட்டில் என்ன இருந்தது என்று கடைசிவரை அவருக்குத் தெரியாது. வரிசையில் நின்றால் பக்கத்து வரிசைதான் நகரும். ஆஸ்பத்திரியில் படுத்தால்கூட, பக்கத்துக் கட்டில்காரருக்கு மட்டும் மாத்திரை பெரிதாக இருக்கிறதே என்று நர்ஸிடம் விசாரிப்பார். கெட்டவரா? இல்லை. யார் பொருளையும் எடுக்கமாட்டார். பார்ப்பார். அவ்வளவுதான். ஆனால் அந்தப் பார்வை இருக்கிறதே, அது பட்டால் பக்கத்து இலைக்காரருக்குப் புரையேறும்.

இப்படிப்பட்ட ஒருவர் கையில் ஒரு பெரிய வீட்டைக் கொடுத்து, இதைச் சரிபாதியாகப் பிரி, ஒரு பாதியில் நீ இரு, மறுபாதியை வாடகைக்கு விடு என்று சொன்னால் என்ன ஆகும்?

அதுதான் கதை.

அவருக்கு நாங்கள் வைத்த பெயர் டேப் சார். எப்போது பார்த்தாலும் கையில் அளக்கிற டேப் இருக்கும். வீடு பெரிய வீடு. எவ்வளவு பெரிசு என்றால், முன்வாசலில் நின்று ஒருவர் தும்மினால், பின்கட்டில் இருப்பவருக்கு மறுநாள்தான் ஜலதோஷம் பிடிக்கும். பிள்ளைகள் இரண்டு பேரும் வேலை கிடைத்து ஆளுக்கொரு ஊர் போய்விட்டார்கள். மிஞ்சியது சாரும் வீட்டம்மாவும் எட்டு அறைகளும். அம்மாவுக்கு முழங்காலில் ஆபரேஷன் ஆகியிருந்தது. எட்டு அறையையும் பெருக்கி முடிப்பதற்குள், ஆரம்பித்த அறையில் மறுபடி தூசி வந்து உட்கார்ந்துகொள்ளும்.

ஆஸ்பத்திரியில் அந்த அம்மாவைக் கைபிடித்து முதல் அடி நடக்கவைத்தது ஒரு நர்ஸ். தன் தாயாரோடு ஒரு பழைய கட்டடத்தில் குடியிருந்தவர். அந்தக் கட்டடத்தை இடிக்கப் போகிறார்கள், மாதக் கடைசிக்குள் எல்லோரும் காலி பண்ண வேண்டும் என்று நோட்டீஸ் வந்துவிட்டது. நர்ஸம்மா நாள் முழுக்க டூட்டி பார்த்துவிட்டுச் சாயந்திரம் சாயந்திரம் வீடு தேடி அலைந்துகொண்டிருந்தார். வீட்டம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டு வாக்குக் கொடுத்துவிட்டார்.

"ஒண்ணாந்தேதி நீ எங்க வீட்டுல இருக்கே. இடையில ஒரு செவுரு வைக்கணும், அவ்வளவுதான். ஒரு வார வேலை."

ஒரு வாரமாம்! பாவம், நாற்பது வருஷம் குடித்தனம் பண்ணியும் புருஷனைப் பற்றித் தெரியவில்லை.

முதல் நாள் நான் கயிறு கட்டி நின்றேன். "சார், உங்க பக்கம் எது?" என்று கேட்டேன். எந்தப் பக்கம் சொந்தக்காரர் இருப்பாரோ அந்தப் பக்கம் ஒரு சாண் கூடுதலாக விடுவது எங்கள் வழக்கம், யாருக்கும் தெரியாது, நீங்களும் வெளியே சொல்லாதீர்கள். அவர் என்னைப் பார்த்து ஒரு தந்திரச் சிரிப்புச் சிரித்தார்.

"அதை இப்ப சொல்லமாட்டேன் மேஸ்திரி. நீங்க கட்டி முடிங்க. ரெண்டையும் பாத்துட்டு, எது நல்லா இருக்கோ அதை நான் எடுத்துக்கறேன்."

இப்படிச் சொன்னாரே, அங்கேதான் தப்பு பண்ணினார். எந்தப் பக்கம் தனக்கு வரும் என்று தெரியாததால் இரண்டும் சமமாக இருந்தாக வேண்டும். ஒரு நூல் பிசகக் கூடாது. கூடத்தை அளந்தார். மறுபடி அளந்தார். சுவரின் தடிமனில் பாதி இந்தப் பக்கம், பாதி அந்தப் பக்கம் என்று கணக்குப் போட்டார். சரியாக நடுமத்தியில் கோடு விழுந்தது. அண்ணாந்து பார்த்தால், கோட்டுக்கு நேர் மேலே சீலிங் ஃபேன்.

"ஃபேனைக் கழட்டிடலாம் சார். ஆளுக்கொண்ணு புதுசா மாட்டிடறேன்" என்றான் ஒயரிங் தம்பி.

"ஏன்? நல்லா ஓடுற ஃபேன். செவுத்துல அந்த இடத்துல மட்டும் ஒரு சந்து விடச் சொல்லு. றெக்கை இங்க பாதி சுத்தட்டும், அங்க பாதி சுத்தட்டும்."

"சுவிட்ச் எந்தப் பக்கம் சார்?"

டேப் சார் டேப்பை இழுத்தார், விட்டார், மறுபடி இழுத்தார். சுவிட்சை எந்தப் பக்கம் வைத்தாலும் அது அந்தப் பக்கம் ஆகிவிடுகிறதே! ஒன்றரை நாள் யோசித்துவிட்டு, கழட்டச் சொன்னார்.

சுவர் எழும்பியது. நடுவில் சாமான் தூக்க ஒரு வழி மட்டும் விட்டு வைத்தோம். அடடா, அந்த வழியை விட்டதற்கு நாங்கள் பட்ட பாடு!

இடப்பக்கம் பழைய சமையலறை இருந்தது. வலப்பக்கம் சாமான் போடுகிற அறையைச் சமையலறையாக மாற்றி, புது டைல்ஸ் ஒட்டினோம். வேலை முடிந்தது. சார் வந்தார், பார்த்தார், முகம் பூரித்தது. "நான் வலப்பக்கம்" என்றார். இடப்பக்கத்து அறையிலிருந்த பீரோவை நாங்கள் மூன்று பேரும் தூக்கி வலப்பக்கம் வைத்தோம். இரும்பு பீரோ. உள்ளே அவருடைய தாத்தா காலத்துப் பத்திரங்கள். பத்திரத்தில் இருந்த நிலத்தையும் சேர்த்து மடித்து வைத்திருப்பார்கள் போல, அவ்வளவு கனம். வைத்துவிட்டு மூச்சு வாங்குவதற்குள், அவர் இடப்பக்கம் போய் நின்றுகொண்டு கூப்பிட்டார்.

"மேஸ்திரி, இங்க ஜன்னல்ல காத்து வருதே?"

"ஜன்னல்ல காத்துதான் சார் வரும்."

"அங்க இவ்வளவு வரலையே?"

பீரோ இடப்பக்கம் போனது. காற்றுள்ள பக்கம் தன் பக்கம் என்று ஆனபிறகு, அதில் பழைய டைல்ஸ் இருக்கலாமா? அங்கேயும் புதுசு ஒட்டினோம். ஒட்டி முடித்ததும் வலப்பக்கம் போய்ப் பார்த்தார். ஜன்னலுக்கு வெளியே மரம், மரத்தடியில் நிழல். இத்தனை வருஷமாக அதே இடத்தில் நின்ற மரம், அன்றைக்குத்தான் அவர் கண்ணில் பட்டது. பீரோ வலப்பக்கம் போனது.

பெயின்டர் பட்ட பாடு தனி. ஒரே டப்பாவில் கலந்த சந்தன நிறத்தை, ஒரே பிரஷ்ஷால், இரண்டு பக்கமும் அடித்தார். சார் நடு வழியில் நின்று இங்கே ஒரு கண், அங்கே ஒரு கண் வைத்துப் பார்த்தார்.

"அந்தப் பக்கம் சந்தனம் கொஞ்சம் தூக்கலா இருக்கே?"

"ஒரே டப்பா சார்."

"டப்பாவுல மேல இருந்தது அங்க போயிருக்கும். அடியில இருந்ததை எனக்கு அடிச்சிருக்கே."

பெயின்டர் பிரஷ்ஷைக் கீழே வைத்துவிட்டு வாசலில் போய்க் குந்திக்கொண்டார். நான்தான் தாடையைப் பிடித்துக் கெஞ்சிக் கூட்டிவந்தேன்.

பீரோ எத்தனை தடவை போய்வந்தது என்று கேட்கிறீர்களா? நான் பதினேழு என்று சொல்வேன். பெயின்டர் ஏழு என்பார். பீரோவிடம் கேட்டால் அழும். தரையில் அதன் கால் கீறிய தடம் மாட்டு வண்டிப் பாதை மாதிரி விழுந்துவிட்டது. மாதம் முடிய நான்கு நாள் இருந்தது. நர்ஸம்மா டூட்டி முடிந்து வீட்டைப் பார்க்க வந்தார். சீருடைகூட மாற்றாமல், செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டு, ஈரச் சுவரில் கை படாமல் ஒதுங்கி ஒதுங்கி நடந்தார்.

"எந்தப் பக்கம் எங்களுக்குங்க சார்? சாமானெல்லாம் கட்டி வெச்சிட்டேன்."

"அதான் பாத்துக்கிட்டு இருக்கேம்மா. அவசரப்பட்டா நல்ல பக்கம் கைவிட்டுப் போயிடும்."

நர்ஸம்மா தலையை ஆட்டிவிட்டுச் செருப்பை மாட்டினார். அங்கே அவர்கள் தெருவில் ஏற்கனவே தண்ணீர்க் குழாயை வெட்டிவிட்டார்கள் என்று போகும்போது வீட்டம்மாவிடம் மட்டும் மெல்லச் சொன்னார். வீட்டம்மா உள்ளே வந்தார். முழங்காலைப் பிடித்துக்கொண்டு, நடு வழியில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்.

"ஏங்க, இன்னைக்கு இருட்டறதுக்குள்ள ஒரு பக்கம் சொல்லுங்க. இல்லேன்னா நான் ஒரு பக்கம் போறேன், நீங்க ஒரு பக்கம் இருங்க. அந்தப் பொண்ணும் அவ அம்மாவும் என்கூட இருக்கட்டும்."

"நீ எந்தப் பக்கம் போவே?"

"பாத்தீங்களா மேஸ்திரி! நான் போறேங்கறேன், இந்த மனுஷன் எந்தப் பக்கம்னு கேக்கறார்!"

கடைசியில் வலப்பக்கம் என்று சொன்னார். சொன்ன வாய் மூடுவதற்குள் நான் அந்த வழியை அடைக்க ஆரம்பித்துவிட்டேன். என் வாழ்நாளில் அவ்வளவு வேகமாகச் செங்கல் வைத்ததில்லை. உள்ளே இருந்த ஒரு கொசு இரண்டு பக்கத்தில் எந்தப் பக்கம் போவது என்று யோசிப்பதற்குள் சுவர் மூடிவிட்டது.

ஒன்றாம் தேதி நர்ஸம்மா இடப்பக்கம் குடிவந்தார். வாசலிலேயே வீட்டம்மா அவரை மடக்கினார்.

"எப்ப வேணா வா, எப்ப வேணா போ, செவுத்துல ஆணி அடி, நான் ஒண்ணும் சொல்லமாட்டேன். ஒண்ணே ஒண்ணு. வீடு நல்லா இருக்குன்னு மட்டும் வாய் தவறிக்கூடச் சொல்லிடாதே. தினம் ஒரு தடவையாவது செவுத்துப் பக்கம் வந்து ஏதாவது குறை சொல்லு. சத்தமாச் சொல்லு."

"குறை ஒண்ணுமே இல்லையேம்மா."

"இல்லேன்னா உண்டாக்கு."

நர்ஸம்மாவுக்கு வருமா அது? பத்து வருஷமாக நோயாளிகளிடம் 'ஒண்ணுமில்ல, எல்லாம் சரியாயிடும்' என்று சொல்லிப் பழகிய வாய். முதல் நாள் சுவர் பக்கம் நின்று, தொண்டையைச் செருமி, "தண்ணி... தண்ணி வந்து... ரொம்ப நல்லா வருது" என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

காப்பாற்றியது அவருடைய தாயார்தான். அந்த அம்மாளுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவே வேண்டாம். நாற்காலியைச் சுவரோரம் போட்டு உட்கார்ந்தாரானால், பொழுது போய்ப் பொழுது வந்துவிடும். "இது ஒரு வீடா? ஜன்னலைத் திறந்தா வெளிச்சம் கண்ணைக் குத்துது, மூடினா இருட்டு கண்ணைக் குத்துது. காத்து இந்த வீசு வீசுனா மனுஷி எப்படிப் பேப்பர் படிக்கறது? குழாயைத் திறந்தா தண்ணி அப்படியே மேல பாயுது, எனக்கு என்ன நீச்சலா தெரியும்?"

சுவருக்கு இந்தப் பக்கம் டேப் சார் காதைச் சுவரில் ஒட்டவைத்துக்கொண்டு கண்மூடிக் கேட்டுக்கொண்டிருப்பார். முகத்தில் என்ன ஒரு நிம்மதி! இரண்டு சுற்றுப் பெருத்துவிட்டார். டேப்பை எங்கே வைத்தார் என்பதே மறந்துவிட்டது. இப்படி இருபது நாள் போனது.

இருபத்தோராம் நாள் நர்ஸம்மா ஜன்னலோரம் நின்று, கூட வேலை பார்க்கிற தோழியிடம் போனில் பேசினார். "வந்து படுத்தா அப்படி ஒரு தூக்கம்டி! இப்படி ஒரு வீட்டுல நான் இருந்ததே இல்ல."

மரத்தடி நிழலில் நின்றிருந்த டேப் சார் காதில் விழுந்தது. நிழல் சுட்டது அவருக்கு.

மறுநாள் காலை நான் அங்கே கேட் தூணைச் சரிபண்ணிக்கொண்டிருந்தேன். அதனால் இனி சொல்வதில் பூச்சு கிடையாது. நர்ஸம்மா டூட்டிக்குக் கிளம்பி வெளியே வந்தார். டேப் சார் எதிரில் போய் நின்றார். கையில் டேப்.

"அம்மா, நாம பக்கத்தை மாத்திக்கலாம். நாளைக்கே. நீங்க வலப்பக்கம் வந்துடுங்க."

"இப்பதானே சார் எல்லாத்தையும் அடுக்கினேன்."

"மாத்த இஷ்டமில்லேன்னா வேற எடம் பாத்துக்குங்க. எனக்கு அங்க தூக்கம் வரல."

நர்ஸம்மாவின் தோளிலிருந்து பை நழுவியது. குனிந்து எடுத்தார். "ஆறு வருஷத்துல இது அஞ்சாவது வீடு சார்" என்றார். "மூணு பெட்டியை நான் இன்னும் பிரிக்கவே இல்ல. பிரிச்சா உடனே கட்ட வேண்டி வருமோன்னு பயம். நேத்துதான், சரி, இனிமே பிரிக்கலாம்னு நெனச்சேன்."

எனக்குப் பூசுகிற கரணை கையில் ஓடவில்லை. சாரும் டேப்பை மெல்லச் சட்டைப் பைக்குள் போட்டார், பார்த்தேன். கெட்டவர் இல்லை என்று முதலிலேயே சொன்னேனே. ஆனால் கண் மட்டும் அவர் பேச்சைக் கேட்காமல், நர்ஸம்மாவின் தோளுக்கு மேலாக உள்ளே போய்க் கூடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது.

அப்போது உள்ளேயிருந்து ஒரு குரல்.

"மாத்திக்கலாம்! இன்னைக்கே மாத்திக்கலாம்!" என்று தாயார் வெளியே வந்தார். "வந்த அன்னைக்கே இவகிட்டத் தலையால அடிச்சுக்கிட்டேன், அந்தப் பக்கம்தான் நல்ல பக்கம்னு. கேட்டாளா? மரம் அங்க, நிழல் அங்க, குருவி கத்தறதுகூட அங்கதான். நமக்குக் கிடைச்சது பாரு, காத்து!"

டேப் சார் திடுக்கிட்டார். "என்ன சொன்னீங்க? என் பக்கத்துல குருவி கத்துதா?"

"நாள் பூரா கத்துது. நீங்க கேக்கலியா?"

"நான் செவுத்துல காதை வெச்சிருந்தேன்." யோசித்தார். "அப்போ நான் மாத்தல."

"அதெப்படி? சொல்லிட்டு மாத்தலன்னா? நான் பொட்டியைக் கட்டிட்டேன்."

"கட்டினதை அவிழ்த்துடுங்க. உங்க பக்கமும் எனக்கு வேணும், ஆனா என் பக்கத்தை நான் விடமாட்டேன்."

"நானும் அதையேதான் சொல்றேன்!"

ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர்கள் பார்த்த பார்வையை என்னவென்று சொல்வேன்! ஊரெல்லாம் தேடிக் கிடைக்காத சொந்தக்காரரைச் சந்தையில் பார்த்த மாதிரி.

சத்தம் கேட்டு வீட்டம்மா வந்தார். புருஷனைப் பார்த்தார், தாயாரைப் பார்த்தார், பையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்கிற நர்ஸம்மாவைப் பார்த்தார். அந்த அம்மாவுக்கு முழங்கால்தான் கொஞ்சம் தகராறு, மூளை சும்மா பளபளவென்று இருக்கும்.

"ஏங்க, இவ காலையில போனா சாயந்திரம்தான் வருவா. அதுவரைக்கும் இவ கூடத்துல உங்க நாற்காலி இருக்கட்டும். பெரியம்மா, உங்க நாற்காலி என் கூடத்துல. எனக்கும் பேச்சுத்துணை ஆச்சு. சாயந்திரம் ஆனா அவங்கவங்க வீட்டுக்கு அவங்கவங்க. ஒருத்தரும் ஒரு சாமானையும் தூக்க வேண்டாம். என்னம்மா, உனக்குச் சம்மதமா?"

"எனக்கு என்னம்மா, நான்தான் அந்த நேரத்துல இருக்கவே மாட்டேனே" என்றார் நர்ஸம்மா.

"அப்ப சாயந்திரம் வந்து அந்த மூணு பெட்டியையும் பிரி. நானும் வந்து கூட அடுக்கறேன்."

மறுநாளிலிருந்து போய்ப் பாருங்கள். காலை பத்து மணிக்கு, ஆபீசுக்குப் போகிற மாதிரி, டேப் சார் தலைவாரி, கையில் பேப்பரும் தண்ணீர் பாட்டிலும் எடுத்துக்கொண்டு, வலப்பக்கத்து வாசலில் இறங்குவார். அதே நேரம் இடப்பக்கத்து வாசலில் பெரியம்மா இறங்குவார். நடுவில் கேட்டுக்கு உள்ளே இரண்டு பேரும் எதிர்ப்பட்டு, ஒரு தலையாட்டு ஆட்டி, அவர் அந்தப் பக்கம், இவர் இந்தப் பக்கம். சாயந்திரம் அதே மாதிரி திரும்பி வருவார்கள். "இன்னைக்கு அங்க காத்து அமோகம்" என்பார் சார். "அங்க நிழல்ல உக்காந்தா எழுந்திரிக்கவே மனசில்ல" என்பார் பெரியம்மா. நர்ஸம்மா பெட்டி மூன்றையும் பிரித்து, ஜன்னலுக்குத் திரை போட்டு, சுவரில் ஆணிகூட அடித்துவிட்டார். அடித்தது பலமான ஆணி. நானே பிடுங்கிப் பார்த்தேன், வரவில்லை.

கதை அவ்வளவுதான் என்று சொல்லி டீ கிளாஸைக் கீழே வைத்தேன். பெயின்டர் ஒரு பெருமூச்சு விட்டார்.

"என்ன இருந்தாலும் அந்தப் பெரியம்மா சொன்னதுதான் சரி. வலப்பக்கம்தான் நல்ல பக்கம். நிழல் நிழல்தான்."

"போங்கண்ணே!" என்றான் ஒயரிங் தம்பி. "இடப்பக்கம் வீசுற காத்துக்கு ஃபேனே வேண்டாம். எனக்கு ஒரு பக்கம் குடுத்தா கண்ணை மூடிட்டு எடப்பக்கம் எடுத்துக்குவேன்."

"குடுத்துட்டுத்தான் மறுவேலை பாப்பாங்க! அடிச்சவன் சொல்றேன், வலப்பக்கத்துச் சந்தனம் கொஞ்சம் தூக்கல்தான்."

"ஒரே டப்பான்னு அன்னைக்கு அந்த மனுஷன்கிட்டச் சத்தியம் பண்ணீங்க?"

"அது அவருக்குச் சொன்னது!"

கிளாஸ் பொறுக்க வந்த டீக்காரம்மா, அந்த வீட்டை ஜென்மத்தில் பார்க்காதவர், இடுப்பில் கைவைத்து நின்றார். "ரெண்டு பேரும் வாயை மூடுங்க. வலப்பக்கம்தான். குருவி கத்துதுன்னு மேஸ்திரி சொன்னாரா இல்லையா?"

"பாக்காத வீட்டுக்கு நீ என்னக்கா தீர்ப்பு சொல்றே?"

"ஏன், உனக்கு மட்டும் பட்டா போட்டுக் குடுத்திருக்கா?"

தம்பி எழுந்தான், பெயின்டர் எழுந்தார், கிளாஸ் ஒன்று உருண்டது. நான் விலக்கிவிடப் போகவில்லை. உங்களைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் காற்று, நிழல் என்று நான் சொல்லிக்கொண்டே வந்தபோது, உங்களுக்கென்று ஒரு பக்கத்தை மனசுக்குள் சத்தமில்லாமல் பிடித்து வைத்துக்கொண்டீர்களே, அது எந்தப் பக்கம்? வேண்டாம், என்னிடம் சொல்லாதீர்கள். சொன்னால் இவர்கள் உங்களையும் இழுத்துக்கொள்வார்கள். அதோ, டீக்காரம்மா பெயின்டரின் சட்டையைப் பிடித்துவிட்டார்.

"வலப்பக்கம்னு நீதானே முதல்ல சொன்னே? இப்ப என்ன எடப்பக்கமும் பரவாயில்லங்கறே?"